மணி தவறும் கடிகாரத்துக்கு ஏன் அத்தனை விலை?

ஒரு இயந்திரக் கைக்கடிகாரம் சுவிட்சர்லாந்தில் 'க்ரோனோமீட்டர்' சான்று வாங்க வேண்டுமானால் 15 நாள் பரீட்சை எழுத வேண்டும். ஐந்து நிலைகளில் கிடத்தியும் நிறுத்தியும், மூன்று வெப்பநிலைகளில் வைத்தும் பார்க்கிறார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 4 வினாடிக்கு மேல் பிந்தக் கூடாது, 6 வினாடிக்கு மேல் முந்தக் கூடாது. கடுமையான தேர்வுதான். ஆனால் பிளாஸ்டிக் உறை போட்ட மலிவு குவார்ட்ஸ் கடிகாரம் மாதம் முழுக்க ஓடியும் 15, 20 வினாடிதான் தவறும். அவ்வளவு பிழையைச் சான்று பெற்ற கடிகாரம் மூன்றே நாளில் செய்தாலும் விதிப்படி அது தேர்ச்சிதான்.

குவார்ட்ஸின் ரகசியம் எளியது. மின்சாரம் பட்டால் வினாடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டிய ஒரு படிகம். ஒன்றை இரண்டால் பதினைந்து தடவை பெருக்கினால் வரும் எண் அது. திரும்பத் திரும்பப் பாதியாக்கிக்கொண்டே போனால் சரியாக ஒரு வினாடி கிடைத்துவிடும். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தபோது அதன் விலை ஒரு சிறிய காரின் விலை. துல்லியம் அன்றைக்கு ஆடம்பரப் பொருள். பத்துப் பதினைந்து வருடத்தில் அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கத் தொடங்கியது. சுவிஸ் கடிகாரத் தொழிலில் இருந்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

அத்தோடு இயந்திரக் கடிகாரத்தின் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2017-இல் நடிகர் பால் நியூமனின் கையிலிருந்த ரோலெக்ஸ் டேடோனா ஒன்று நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. மனைவி பரிசாகக் கொடுத்தது; பின்பக்கத்தில் 'பார்த்து ஓட்டு' என்று பொறித்திருந்தது. மணி பார்க்க வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது நிச்சயம்.

பணம் தின்னும் பொழுதுபோக்குகளைப் பற்றிப் பேசும்போது நான் இந்தக் கடிகாரத்திலிருந்துதான் தொடங்குவேன். ஒரு பொருள் செய்யும் வேலைக்கும் அதன் விலைக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்து போனால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கஷ்டம். வேலைக்காக இல்லையென்றால், வேறு எதற்காகக் கொடுக்கிறோம்?

யானைக்குத் தீனி

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். 'செலவு பிடித்த ஹாபி' என்று ஒரே பெயரில் சொல்லும் செலவுகள் ஒரே ஜாதி இல்லை. சிலவற்றில் கருவி வாங்குவதுதான் செலவு. அதன் பிறகு காசில்லை. சிலவற்றில் வாங்குவது அற்பம், வைத்திருப்பதுதான் ஆளைச் சாய்க்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்த வகை.

பாய்மரப் படகு வைத்திருப்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் பராமரிப்புக்கென்று எடுத்து வைக்க வேண்டும். நிறுத்துமிட வாடகை, காப்பீடு, அடிப்பகுதியில் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்டிப் பூச்சு அடிப்பது, பாய், கயிறு, இயந்திரம். படகு கடலுக்குப் போனாலும் கரையிலே நின்றாலும் இந்தச் செலவில் பெரும்பகுதி நிற்காது. குதிரையும் அப்படித்தான், ஏறி ஓட்டாத நாளிலும் அது சாப்பிடும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நாம் சும்மா சொல்லவில்லை.

சிறு விமானம் ஓட்டுவது இன்னொரு தினுசு. அங்கே மணிக்கணக்குத்தான் எல்லாம். தனியார் விமானி உரிமம் வாங்க அமெரிக்க விதிப்படி குறைந்தது 40 மணி நேரப் பறப்பு, ஐரோப்பிய விதிப்படி 45. பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். எரிபொருள் ஒரு பக்கம் இருக்கட்டும். பிஸ்டன் இன்ஜினை ஏறக்குறைய 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதால், பறக்கும் ஒவ்வொரு மணியிலும் அந்தப் பெருஞ்செலவின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கரைந்துகொண்டிருக்கிறது. நியாயமான விமானி அதை ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக எடுத்து வைப்பார். மற்றவர்களுக்கு அது ஒருநாள் இடியாக இறங்கும்.

கிதார், தொலைநோக்கி, கேமரா லென்ஸ் எல்லாம் எதிர்த் தரப்பு. வாங்கினால் வாங்கியதுதான், அலமாரியில் இருக்கும்வரை தீனி கேட்பதில்லை. அதனாலேயே இவற்றில் வேறொரு நோய் வருகிறது. தீனி கேட்காத யானை என்றால் ஒன்றோடு ஏன் நிறுத்த வேண்டும்?

கடைசிப் படியின் விலை

எந்தப் பொழுதுபோக்கிலும் கருவிகள் ஒரு ஏணி. கீழ்ப்படிகள் மலிவு, ஒவ்வொன்றும் உண்மையான மாற்றத்தைத் தரும். மேலே போகப் போகப் படிகளின் உயரம் குறையும், விலை கூடும். பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் குறைந்து செல்லும் பலன் என்பார்கள். பெயரைவிடக் கணக்கு சுவாரசியமானது.

சைக்கிளை எடுத்துக்கொள்வோம். 75 கிலோ எடையுள்ள ஒருவர், 8 கிலோ சைக்கிள். மொத்தம் 83 கிலோ. கார்பன் இழைச் சட்டம், இலகுச் சக்கரம் என்று மாற்றி ஒரு கிலோவைக் குறைக்க எளிதில் இன்னொரு சைக்கிளின் விலை ஆகிவிடும். கிடைப்பது என்ன? மொத்த எடையில் 1.2 சதவீதம். ஒரு மணி நேரம் பிடிக்கும் செங்குத்தான மலையேற்றத்தில் சுமார் 40 வினாடி மிச்சம். சமதளத்தில் அதுவும் இல்லை; அங்கே எதிரி காற்றுதான். வேகம் கூடக் கூட, காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும் (வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு). அந்தக் காற்றுத் தடையில் பெரும்பகுதி சைக்கிளால் வருவதில்லை, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் உடம்பால் வருகிறது. முதுகை வளைத்து முழங்கையை மடக்க ஒரு காசும் ஆகாது. இன்னொன்று: முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலே முக்கால் கிலோ. அதைக் குடித்துவிட்டு ஏறினாலும்கூட எடை உடம்புக்குள்தானே இருக்கும் என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

தொழில்முறைப் பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை 2000 முதல் அனுமதிப்பதில்லை. அதாவது உலகின் மிக வேகமான ஓட்டக்காரர்கள் ஓட்டக்கூடாத அளவு இலேசான சைக்கிளை, வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவர் சட்டப்படி வாங்கலாம். வாங்கவும் செய்கிறார்கள்.

கேமரா லென்ஸில் கணக்கு இன்னும் துல்லியமாக இருக்கும். எஃப் 1.8 துளையுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பதில் எஃப் 1.2 (எண் குறையக் குறையத் துளை பெரிது) வாங்கினால் உள்ளே வரும் வெளிச்சம் 2.25 மடங்கு. கேமராக்காரர்கள் பேச்சில் 'ஒரு படி' என்றால் இரு மடங்கு வெளிச்சம்; இது அதற்குக் கொஞ்சம் மேல். வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் கேமராவின் ஐஎஸ்ஓ எண்ணை ஒரு முறை திருகினால் கிட்டத்தட்ட அதே பலன். ஒரே நிறுவனத்தின் பட்டியலிலேயே இவ்விரண்டுக்கும் விலை வித்தியாசம் பத்து மடங்கைத் தாண்டுவதுண்டு. பின்னணி இன்னும் கொஞ்சம் அழகாகக் கரையும், உண்மைதான். அந்தக் 'கொஞ்சம்' உங்கள் பிழைப்புக்குத் தேவையென்றால் அது முதலீடு.

தொலைநோக்கியில் இயற்கையே ஒரு கூரை போட்டிருக்கிறது. ஆடியின் விட்டத்தை 10 சென்டிமீட்டரிலிருந்து 20 ஆக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு. மங்கலான விண்மீன் கூட்டங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் கோள்களின் நுண்ணிய விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறனைப் பெரும்பாலான இரவுகளில் தலைக்கு மேலிருக்கும் காற்றின் கலக்கமே தீர்மானிக்கிறது. எத்தனை பெரிய ஆடி வாங்கினாலும் அந்தக் காற்றை வாங்க முடியாது. இத்தனைக்கும் பெரிய தொலைநோக்கி கனமானது. தூக்கிக்கொண்டு வெளியே வர ஆள் வேண்டும். சோம்பலான இரவில் சின்னதுதான் ஜெயிக்கிறது.

ஒலிக் கருவிகளின் உலகத்தில் இந்தக் கூரை எங்கே இருக்கிறது என்பதே பெரிய சண்டை. மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதுவும் இளமையில். 1982-இல் வந்த குறுந்தகட்டின் 44,100 ஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு (ஒலியை வினாடிக்கு அத்தனை தடவை அளந்து பதிவது) இந்த எல்லையை முழுதாக அடக்கிவிடும். அதற்கும் மேலான தரத்தில் பதிந்த இசையைக் கேட்டால் வித்தியாசம் தெரியுமா என்று மேயர், மோரன் என்ற இருவர் ஒரு வருடத்துக்கு மேலாகச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்த 554 சோதனைகளில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

வயலினில் நடந்தது இதைவிடச் சுவையானது. 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் சர்வதேசப் போட்டி ஒன்றுக்கு வந்திருந்தவர்கள் உட்பட 21 வயலின் கலைஞர்களை இருட்டுக் கண்ணாடி மாட்டி ஓர் அறையில் உட்காரவைத்து, ஆறு வயலின்களை வாசிக்கச் சொன்னார்கள். பழங்கால இத்தாலியக் கைவினைஞர்கள் செய்த இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி; மூன்று புதியவை. வீட்டுக்கு எடுத்துப் போக ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது 13 பேர் சொன்னது புதியவற்றில் ஒன்றை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. அதற்கு அடுத்த வருடம்தான் 'லேடி பிளண்ட்' என்ற ஸ்ட்ராடிவாரி வயலின் சுமார் 1.6 கோடி டாலருக்கு ஏலம் போனது.

இதைப் படித்துவிட்டு "ஏமாளிகள்" என்று சிரிப்பது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு யாரும் வாழ்வதில்லை. முந்நூறு வருடம் பலர் தோளில் இருந்த மரத்துண்டு என் தோளில் இருக்கிறது என்ற நினைப்பும் வாசிப்பின் ஒரு பகுதி. அதற்கு விலை இருக்கலாம். அதை 'ஒலித் தரம்' என்ற பெயரில் விற்பதும் வாங்குவதும்தான் பொய்.

ஒரு சிவப்பு அங்கி

ஏணியில் ஏன் ஏறிக்கொண்டே போகிறோம்? பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ 1769-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இதைப் பற்றியது. அவருக்கு அழகான சிவப்பு அங்கி ஒன்று பரிசாக வந்தது. பழைய அங்கியைக் கழித்துவிட்டார். புது அங்கியைப் போட்டுக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தால் எல்லாமே வறுமையாகத் தெரிகிறது. பிரம்பு நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது. பலகை அலமாரி, மேசை, சுவர்ப் படம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. கடைசியில் பழைய அங்கிக்குத் தான் எஜமானனாக இருந்ததாகவும் புதியதற்கு அடிமையாகிவிட்டதாகவும் புலம்புகிறார். 1988-இல் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் இதற்குத் 'திதரோ விளைவு' என்று பெயர் வைத்தார்.

நல்ல கேமரா வாங்கியவர் ஆறு மாதத்தில் ட்ரைபாட், பை, ஃப்ளாஷ், பெரிய கணினி என்று போவது இந்த வழியில்தான். ஒன்றின் தரம் உயர்ந்ததும் பக்கத்திலிருப்பது குறையாகத் தெரிகிறது.

ஹாபிக்காரர்களுக்கே இது நன்றாகத் தெரியும். தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஸ்டீலி டான் இசைக்குழுவின் வால்டர் பெக்கர் 1990களில் ஒரு கிதார் பத்திரிகையில் 'கிதார் சேர்க்கும் நோய்' என்று ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினார். அது கேமராக்காரர்களுக்கும் தொற்றி, இன்றைக்குப் பொதுவாகக் 'கருவி சேர்க்கும் நோய்' ஆகிவிட்டது. சைக்கிள்காரர்களின் சூத்திரம்: ஒருவரிடம் இருக்க வேண்டிய சைக்கிள்களின் எண்ணிக்கை, இப்போது இருப்பதோடு ஒன்று. நூல் பின்னுகிறவர்கள் வீட்டில் சேர்ந்துபோகும் நூலுக்கு, ஆயுளுக்குள் பின்னி முடிக்க முடியாத கையிருப்பு என்ற பொருளில் ஒரு சுருக்கெழுத்தே வைத்திருக்கிறார்கள். வாங்கிப் படிக்காமல் அடுக்கி வைக்கும் பழக்கத்துக்கு ஜப்பானியர்களிடம் 'சுண்டோகு' என்று தனிச் சொல். எல்லா ஹாபியிலும் ஓடும் இன்னொரு ஜோக்: "நான் செத்த பிறகு என் மனைவி இந்தச் சாமான்களை, நான் வாங்கியதாக அவளிடம் சொன்ன விலைக்கே விற்றுவிடுவாளோ என்பதுதான் என் பயம்."

இந்த ஜோக்குகளுக்கு அடியில் ஒரு உண்மை இருக்கிறது. நூல் சேர்ப்பதும் நூல் பின்னுவதும் இரண்டு தனித்தனிப் பொழுதுபோக்குகள். படம் எடுப்பது ஒன்று, லென்ஸ் ஒப்பிடுவது வேறொன்று. ஒரே ஆள் இரண்டையும் செய்வதால் அவை ஒன்று போலத் தெரிகின்றன. முதலாவதற்கு வெளிச்சம், இடம், பொறுமை, சில மணி நேரம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கைப்பேசியும் தூங்கப் போகும் முன் கிடைக்கும் பத்து நிமிடமும் போதும்.

ஸ்வீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் ஸ்டாஃபன் லிண்டர் 1970-இலேயே இதன் வேரைத் தொட்டார். உழைப்புக்குக் கூலி உயர உயர, ஒரு மணி நேரம் சும்மா இருப்பதன் விலையும் உயர்கிறது. வருமானம் கூடுகிறது, நாள் மட்டும் 24 மணியாகவே நிற்கிறது. அப்போது மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? இருக்கும் கொஞ்ச ஓய்வு நேரத்துக்குள் மேலும் மேலும் பொருளைத் திணிக்கிறார்கள். நேரம் அதிகம் கேட்கும், பொருள் குறைவாகக் கேட்கும் இன்பங்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. கிதார் வாசிக்கக் கற்க ஆயிரம் மணி நேரம் வேண்டும். அது கையில் இல்லை. இன்னொரு கிதார் வாங்கப் பணம் வேண்டும், அது இருக்கிறது. இல்லாததன் இடத்தில் இருப்பதைக் கொட்டுகிறோம். செலவு பிடித்த பொழுதுபோக்குகளில் பாதிக்கு மேல், பணத்தால் நேரத்தை வாங்க முயலும் முயற்சி என்றே எனக்குப் படுகிறது. உறை பிரிக்காத ஓவிய வண்ணப் பெட்டியை வாங்கியவர், பெட்டியோடு சேர்த்து ஓவியம் வரையப் போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் வாங்கியதாக நினைத்துக்கொள்கிறார்.

இது எவ்வளவு பொதுவானது என்பதற்கு உடற்பயிற்சிக் கூடங்களில் நல்ல சாட்சி உண்டு. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 7,752 உறுப்பினர்களின் மூன்று வருட வருகைப் பதிவை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். 70 டாலருக்கு மேல் மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நாலு தடவைக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் போனார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலர்தான். கணக்குத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். வாரத்துக்கு நாலு நாள் போகும் இன்னொரு தன்னை மனதில் வைத்து அவன் சார்பில் பணம் கட்டினார்கள்.

பணம் கட்டினால் அந்தப் பயத்திலாவது ஒழுங்காகச் செய்வோம் என்ற வாதமும் உண்டு. கொஞ்சம் உண்மைதான். 1985-இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு நாடக அரங்கின் பருவச் சீட்டுகளைச் சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்கச் செய்து பார்த்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். பருவத்தின் முதல் பாதி வரை. பிற்பாதியில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஆசை அறுபது நாள் என்பது போலவே, செலவழித்த வலிக்கும் ஆயுள் உண்டு.

ஒன்றே ஒன்று இருக்கும்போது

சேகரிப்பு வேறு விளையாட்டு. இங்கே பொருளின் தரம் பற்றிய பேச்சே இல்லை. எத்தனை இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1840-இல் வந்த உலகின் முதல் ஒட்டுத் தபால்தலையான பென்னி பிளாக் 6.8 கோடி அச்சானது. வரலாற்றுச் சிறப்பு அதற்குத்தான் அதிகம், ஆனாலும் சாதாரணச் சேகரிப்பாளர் ஒன்று வாங்கிவிட முடியும். 1856-இல் பிரிட்டிஷ் கயானாவில் அவசரத்துக்கு அச்சடித்த ஒரு சென்ட் மஜந்தா தலை பார்க்க அழுக்குக் காகிதம் போல இருக்கும். ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 1873-இல் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் அதைக் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2014-இல் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்குப் போனது. 2021-இல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது 83 லட்சம்தான். உலகிலேயே ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காக விலை ஏறிக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. "இது ஹாபி இல்லை, முதலீடு" என்று வீட்டில் சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் உயிருள்ளவையும் அடக்கம். 2020-இல் 'நியூ கிம்' என்ற பந்தயப் புறா பெல்ஜியத்தில் 16 லட்சம் யூரோவுக்கு விற்றது. 1630களில் டச்சுக்காரர்கள் பித்தாக அலைந்த, தீச்சுடர் போலக் கோடு விழுந்த துலிப் மலர்களின் அழகு உண்மையில் அசுவினிப் பூச்சிகள் பரப்பும் ஒரு வைரஸ் நோய். அது 1920களில்தான் தெரியவந்தது. நோய் கிழங்கைப் பலவீனப்படுத்தும், அதனால் பெருக்குவது கடினம், அதனால் அரிது, அதனால் விலை. 1637 பிப்ரவரியில் விலை சரிந்தது.

அரிதைச் செயற்கையாகச் செய்யவும் வியாபாரிகள் கற்றுக்கொண்டார்கள். உள்ளே என்ன அட்டை என்று தெரியாத பொட்டலம், கணினி விளையாட்டில் பணம் கட்டித் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டி. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியது இதற்குத்தான் உதவியது. சில விளையாட்டுகளின் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக பெல்ஜியத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் அறிவித்தது. பொழுதுபோக்கு என்ற சொல்லை இவற்றுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

யாருடைய செலவு வீண்?

பொருளாதார அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899-இல் சொன்ன 'பகட்டு நுகர்வு' என்ற விளக்கம் இந்த விவாதத்தில் எப்போதும் வந்துவிடும்: பிறர் பார்க்கச் செலவழிப்பது. பெரிய படகுக்கும் பேர் பெற்ற கடிகாரத்துக்கும் பொருந்தும். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு குட்டி ரயில் தண்டவாளம் பூட்டுகிறவரை, நள்ளிரவில் யாருமில்லாத மொட்டைமாடியில் நெபுலா என்ற விண்மேகத்தைப் படம் பிடிக்க நாலு மணி நேரம் கேமராவைத் திறந்து வைக்கிறவரை வெப்லன் விளக்கவில்லை. இப்படிப்பட்டவருக்கும் பார்வையாளர்கள் உண்டு, ஆனால் ஊரார் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் எத்தனை மணி நேர உழைப்பு என்று புரிந்துகொள்ளும் இருபது பேர் போதும் அவருக்கு.

மற்றவர் செலவை நாம் எடை போடும் விதமும் விசித்திரம். மொத்தமாகப் போகும் பணம் கண்ணில் படுகிறது, சிறுகச் சிறுகப் போவது படுவதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு தொலைநோக்கி வாங்கியவரை ஊதாரி என்போம். அதே ஐந்து வருடத்தில் மூன்று கைப்பேசி மாற்றியவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மனிதர்கள் மனதுக்குள் தனித்தனி உண்டியல் வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1985-இல் எழுதினார். 'தேவை' என்று பெயரெழுதிய உண்டியலுக்குள் போகும் பணத்தை யாரும் எண்ணுவதில்லை. 'ஹாபி' என்று எழுதியதில் போகும் ஒவ்வொரு காசுக்கும் விசாரணை.

பொருளைவிட அனுபவத்தில் செலவழித்தால் மகிழ்ச்சி அதிகம் என்று உளவியலாளர்கள் வான் போவன், கிலோவிச் 2003-இல் காட்டியது பரவலாகப் பேசப்படுகிறது. ஆனால் கிதார் எதில் சேரும்? சுற்றுலாவா, சோபாவா? பின்னால் 2015-இல் வந்த ஓர் ஆய்வு, செய்வதற்காக வாங்கும் பொருள்கள் அனுபவங்களுக்கு நிகரான நிறைவைத் தருவதாகச் சொன்னது. கையில் எடுத்தால்தான், சொல்லவே வேண்டாம்.

எனவே ஒரு கருவியின் உண்மையான செலவைக் கணக்கிட விலைச் சீட்டு போதாது. வாங்கிய விலையிலிருந்து விற்கக்கூடிய விலையைக் கழித்து, பராமரிப்பைக் கூட்டி, உண்மையில் பயன்படுத்திய மணிகளால் வகுக்க வேண்டும். பழைய லென்ஸை செகண்ட் ஹேண்டாக வாங்கி மூன்று வருடம் படமெடுத்து ஏறக்குறைய அதே விலைக்கு விற்றவருக்கு ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட இலவசம். மலிவு என்று வாங்கி இரண்டு தடவை தொட்ட கருவிதான் வீட்டிலேயே விலையுயர்ந்தது. என் வீட்டில் அது ஒரு டிஜிட்டல் பியானோ. மேலே துணி காய்கிறது.

நேரத்தைக் கொடுத்தவர்கள் பணத்தை எப்படி மிச்சம் பிடித்தார்கள் என்பதற்கு வானியல்தான் சிறந்த ஆவணக் காப்பகம். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் பிழைப்புக்கு இசைக் கலைஞர். தொலைநோக்கி ஆடிகளைத் தானே தேய்த்தார். ஒருமுறை 16 மணி நேரம் கையை எடுக்காமல் மெருகேற்றியபோது தங்கை கரோலின் பக்கத்தில் நின்று ஊட்டிவிட வேண்டியிருந்தது. 1781 மார்ச் 13 இரவு அந்தக் கைவேலைக் கருவியில்தான் புதுக் கோள் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஜான் டாப்ஸன், சான்ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபு வேதாந்த மடத்தின் துறவி. கையில் காசில்லை. கப்பல் ஜன்னலிலிருந்து கழித்த தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியில் உட்காரவைத்தார். தொலைநோக்கியே நேரத்தை விழுங்குகிறது என்று மடம் அவரை வெளியேற்றியது. அவர் தெரு முனைகளில் நிறுத்தி வழிப்போக்கர்களுக்கு நிலாவைக் காட்டினார். பெரிய ஆடித் தொலைநோக்கியைச் சாதாரண ஆட்கள் வாங்கும் விலைக்கு இறக்கிய வடிவம் அவர் பெயரிலேயே இன்றும் விற்கிறது.

1995 ஜூலை 23 இரவு ஹேல்-பாப் வால்மீனை ஒரே சமயத்தில் இரண்டு பேர் தனித்தனியே கண்டார்கள். ஆலன் ஹேல் படித்த வானியலாளர். முன்பு பல நூறு மணி நேரம் வால்மீன் வேட்டையாடி ஒன்றும் அகப்படாமல் விட்டவர். அன்றைக்குத் தன் வீட்டு வாசலில் வேறொரு வால்மீன் உதிப்பதற்காகக் காத்திருந்தார். தாமஸ் பாப், கட்டுமானப் பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். அரிசோனா பாலைவனத்தில் நண்பர்களோடு நின்றுகொண்டு, ஒரு நண்பரின் தொலைநோக்கியில் தன் முறை வந்தபோது கண்ணை வைத்தார். அவரிடம் சொந்தமாகத் தொலைநோக்கி கிடையாது. ஹேல் மின்னஞ்சலில் செய்தி சொன்னார். பாப் வீட்டுக்குப் போய்த் தந்தி கொடுத்தார்.